பழைய வன்தட்டின் குடிபெயர்ப்பு

மூணாற்றை அடுத்த தேயிலைத் தோட்டப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், 1990-களின் பிற்பகுதியில் ஓர் அரிய காரியம் செய்தார். தோட்டத்துப் பாட்டிமார் பாடிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் கேட்டு எழுதி, கோவையில் வாங்கிய கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தார். பாடியவர்களுள் எவரும் இன்று இல்லை. கையெழுத்து நோட்டுகளை மலைநாட்டு ஈரமும் கரையானும் தின்றுவிட்டன. எஞ்சியது அந்த யந்திரம் ஒன்றே. அதுவும் மின்சாரம் கொடுத்தால் திரை விளங்காத நிலையில் கிடந்தது.

பெரியவர் இப்பொழுது பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் மகள் வீட்டில் இருக்கிறார். மகன் டில்லியில் நமது அலுவலகத் தோழர். விடுமுறையில் அவரோடு நாமும் ஊர் சென்றபோது கண்டும் செய்தும் அறிந்தவற்றை, இதே போன்ற பெட்டிகளைச் சொந்த ஊர்ப் பரணில் விட்டுவந்த நேயர்களுக்குச் சொல்வது பயன்படும் என்று கருதுகிறோம்.

திரை விளங்கவில்லை என்பதால் எழுத்து அழிந்துவிட்டது என்று பொருளல்ல. எழுத்து இருப்பது ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டில். காந்தப் பூச்சுள்ள தட்டுகள் அதனுள் வேகமாகச் சுழல, மேலே மயிரிழையினும் குறைந்த இடைவெளியில் ஒரு தலை மிதந்து படிக்கிறது. இவ்வகைத் தட்டு முதன்முதலில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராமாக் யந்திரத்தில் 1956-ஆம் ஆண்டு வெளிவந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சேர்ந்து ஐம்பது லட்சம் எழுத்துகளையே தாங்கின. தேவிகுளமும் பீர்மேடும் கேரள ராஜ்யத்தில் அமைந்ததும் அதே ஆண்டில்தான் என்பது தற்செயலான ஒற்றுமை. பெரியவரின் தட்டோ உள்ளங்கை அகலமே உடையது. ஆயினும் ராமாக்கைப் போல் எண்பது மடங்குக்கு மேல் கொள்ளும்.

இதை இன்றைய புதுக் கம்ப்யூட்டரில் நேரே பொருத்திவிடலாமே என்று தோழர் கேட்டார். முடியாது. பழைய தட்டு 40 ஊசிகள் கொண்ட பட்டைக் கம்பியை வேண்டுவது. புதிய யந்திரங்களில் அதற்கு வாயே இல்லை. யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் சிறு கருவிகள் விற்கின்றன. ஆனால் அவற்றுட் பல மிகப் பழைய தட்டுகளை ஏற்பதில்லை. தாத்தாவின் பேச்சு பேரனுக்கு விளங்காதபோது தகப்பனார் இடையில் நின்று சொல்வதுபோல, இடைப்பட்ட காலத்து யந்திரம் ஒன்று வேண்டும். மகள் வீட்டில் குழந்தைகளின் படிப்புக்கென 2000-ஆம் ஆண்டு வாங்கிய பென்டியம் மூன்று ஒன்று, விண்டோஸ் 98-உடன், நல்ல காலமாக இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

மலையிலிருந்து குளிர்ந்து இறங்கிய தட்டைச் சமவெளி வெப்பத்தில் உடனே இயக்கலாகாது. உள்ளே நீர் துளிக்கும். துணிப்பையில் சுற்றி ஓரிரவு வைத்திருந்தோம். பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்றுக் காலத்தில் வேறோர் இடையூறும் உண்டு: உடம்பில் சேரும் நிலைமின்சாரம். யந்திரத்தின் இரும்புக் கூட்டைத் தொட்ட பிறகே தட்டைத் தொட வேண்டும்.

பட்டைக் கம்பியின் ஒரு விளிம்பில் நிறக்கோடு ஓடும்; அது முதல் ஊசியின் பக்கம். ஒரே பட்டையில் இரண்டு தட்டுகளை மாட்டினால் ஒன்றை மாஸ்டர் என்றும் மற்றதை ஸ்லேவ் என்றும் பின்புறத்துச் சிறு ஜம்பரால் குறிக்க வேண்டும். வெவ்வேறு நிறுவனத்துப் பழந்தட்டுகள் ஒரே பட்டையில் ஒத்துப்போவதும் நிச்சயமில்லை. ஆகவே, சி.டி. பெட்டியைக் கழற்றிவிட்டு, இரண்டாம் பட்டையில் இதைத் தனியே அமர்த்தினோம். யந்திரம் தன் சொந்தத் தட்டிலிருந்தே எழ வேண்டும். பழைய தட்டிலுள்ள விண்டோஸை எழுப்பினால், அது புது வீட்டைக் கண்டு திகைத்துத் தட்டில் எதை எதையோ எழுதத் தொடங்கிவிடும்.

இங்கேதான் பெரிய அபாயம் வந்தது. யந்திரம் தட்டைக் கண்டுகொண்டது. ஆனால் திறக்கப் போனால், தட்டு இன்னும் ஃபார்மட் செய்யப்படவில்லை, செய்யலாமா என்று கேட்டது. தோழரின் விரல் விசைக்குப் போயிற்று; நாம் கையைப் பிடித்துக்கொண்டோம். சம்மதித்திருந்தால் பாட்டுகள் அத்தனையும் போயிருக்கும்.

காரணம் இது. அக்காலத்துத் தட்டில் ஒவ்வோர் இடத்திற்கும் சிலிண்டர், ஹெட், செக்டர் என மூன்று எண்களால் ஆன விலாசம் உண்டு. அம்முறையில் எட்டக்கூடியது 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர், செக்டருக்கு 512 எழுத்து. அதாவது ஏறக்குறைய 52.8 கோடி எழுத்துகள். தட்டுகள் அதனினும் பெருத்தபோது, எல்.பி.ஏ. என்ற தொடர் இலக்க முறை வந்தது. பின்வந்த யந்திரங்கள் பழைய தட்டையும் தம் கணக்கில் மாற்றி எண்ணப் பார்க்கின்றன. நகரசபை கதவிலக்கங்களை மாற்றிய தெருவில் பழைய விலாசத்தோடு திரியும் தபால்காரரின் கதி, அப்போது நமக்கும் நேரும். கடிதம் இருக்கிறது, வீடுதான் அகப்படவில்லை.

யந்திரம் எழும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் நார்மல், லார்ஜ், எல்.பி.ஏ. என மூன்று வழிகள் இருந்தன. நார்மலைத் தேர்ந்து, தட்டின் மேலொட்டிய சீட்டிலிருந்த மூன்று எண்களை நாமே தட்டெழுதினோம். கோப்புகள் வரிசையாக வந்து நின்றன. வயதான தட்டு எந்த நிமிஷத்திலும் நின்றுவிடலாமாகையால், பாட்டுகளை முதலில் படியெடுத்தோம். கணக்குகளும் கடிதங்களும் பிறகு.

திறந்து பார்த்தால் ஐரோப்பிய எழுத்துகளின் குப்பை. தமிழைக் காணோம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற குறியீடுகளை ஏற்கும் வரை, ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எழுத்துக்கு எண் வைத்திருந்தது. அந்தந்த எழுத்துரு இன்றி அந்தந்த எழுத்து விளங்காது. பலர் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு தட்டை எறிந்துவிடுகிறார்கள். விண்டோஸ் அடைவினுள் ஃபான்ட்ஸ் என்ற பகுதியையும் சேர்த்தெடுப்பது அத்தியாவசியம். அதைச் செய்தவுடன் தமிழ் வந்தது.

பின்னர்ச் சி.டி. பெட்டியை மீண்டும் மாட்டி எல்லாவற்றையும் பதிந்து, தோழரின் புதுக் கம்ப்யூட்டரில் யூனிகோடுக்கு மாற்றினோம். பழைய எழுத்துருக்களில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னே நிற்கும். யூனிகோடில் மெய்க்குப் பின்னேதான் எண்ணப்படும். மாற்றும் புரோகிராம் இதைச் சரிசெய்தாலும், ஔகாரக் குறியையும் ளகரத்தையும் ஆங்காங்கே குழப்பியது. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூன்று மாலைப்பொழுது பிழை திருத்தினார். "தம்பி, இது அவள் சொன்ன சொல் இல்லை" என்று இரண்டு இடங்களில் தம் பழைய பிழையையே திருத்தினார்.

இரண்டு கோப்புகள் மட்டும் தட்டின் பழுதான இடத்தில் அகப்பட்டுத் திறக்கவேயில்லை. அவற்றுள் ஒரு தாலாட்டைப் பெரியவர் நினைவிலிருந்து முழுதும் சொன்னார், எழுதிக்கொண்டோம். மற்றது ஓர் ஒப்பாரி. அதன் முதல் இரண்டு அடிகளே அவருக்கு நினைவிருந்தன.