வெளிநாட்டு சிகரெட்: லாபம் யாருக்கு? வழக்கு யாருக்கு?



சில மாதங்களுக்கு முன்பு நம் கடைக்கு ஒரு மளிகைக்கடைக்காரர் வந்தார். இருபது ஆண்டுகளாக நம்மிடம் சரக்கு எடுப்பவர். கொடுக்கல் வாங்கலில் சுத்தமானவர். கல்லாவுக்கு எதிரே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணாச்சி, பழைய தேதி போட்டு ஒரு சிகரெட் பில் வேணும்" என்றார்.

விஷயம் இதுதான். செல்போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து வெளிநாட்டு சிகரெட்டுக்குப் பணம் அனுப்பியிருக்கிறார். கூரியரில் பார்சலும் வந்திருக்கிறது. பளபளப்பான பாக்கெட், விலையோ நம் ஊர் சிகரெட்டைவிடக் குறைவு, லாபம் இரண்டு மடங்கு. மூன்றாவது பார்சல் வந்த வாரத்தில் அதிகாரிகள் கடைக்குள் வந்துவிட்டார்கள். சரக்கு போயிற்று. கொள்முதல் பில் எங்கே என்று கேட்டார்கள். விற்றவனுடைய போன் அன்றோடு அணைந்துவிட்டது.

நாம் பில் தரவில்லை. நாம் விற்காத சரக்குக்குப் பில் போட்டால் அவர் குற்றம் நம் தலையிலும் ஏறும். அவர் கோபித்துக்கொண்டுதான் போனார். அன்று அவருக்குப் பொறுமையாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறோம்.

விலை ஏன் குறைவு?

சிகரெட்டின் விலையில் பெரும் பங்கு வரிதான். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த நாள் முதல் சிகரெட்டை மிக உயர்ந்த வரி அடுக்கிலேயே வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தால் இதோடு சுங்க வரியும் சேரும். அத்தனையும் கட்டிய பாக்கெட், உள்ளூர் பாக்கெட்டைவிட மலிவாகக் கிடைக்க வழியில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்றாலே வரி கட்டவில்லை என்றுதான் பொருள். இதைப் புரிந்துகொள்ள ஆடிட்டர் தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

வெளிநாட்டு சிகரெட்டை வரவழைப்பதே குற்றம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆனால் விற்பனைக்கு வரவழைப்பவரிடம் ஏற்றுமதி இறக்குமதி குறியீட்டு எண் இருக்க வேண்டும். சுங்கத்தில் கணக்குக் காட்டி வரி கட்டியிருக்க வேண்டும். பாக்கெட்டில் நம் நாட்டு எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் தவறுதான்.

"சொந்த உபயோகத்துக்குத்தானே" என்பதும் செல்லாது. அதற்கும் வரி உண்டு. முன்பு "பரிசு" என்று எழுதி வரியில்லாமல் சிறு பார்சல் வரவழைத்தார்கள். 2019 டிசம்பரில் அந்த வழியை மூடிவிட்டார்கள். ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டுமே விலக்கு.

சுங்கச் சட்டம் 1962-ன் 135-ஆவது பிரிவு கடத்தியவரோடு நிற்பதில்லை. பறிமுதலுக்குரிய சரக்கு என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அதை வைத்திருப்பவர், விற்பவர் மீதும் பாய்கிறது. சாதாரண வழக்கிலேயே 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். பாதி விலைக்கு, பில் இல்லாமல் வாங்கியவர் "எனக்குத் தெரியாது" என்றால் யார் நம்புவார்கள்?

அடுத்தது 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம். எச்சரிக்கை இல்லாத பாக்கெட்டை விற்றால் முதல் முறை 1 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை 2 ஆண்டு வரை சிறையும் 3,000 ரூபாய் வரை அபராதமும். பில் இல்லாத விற்பனைக்கு ஜி.எஸ்.டி. சட்டத்தில் 10,000 ரூபாய் அல்லது ஏய்த்த வரி, எது அதிகமோ அது அபராதம்.

மின் சிகரெட் கதை இன்னும் கடுமை. 2019 முதல் அதன் இறக்குமதி, விற்பனை, இருப்பு எல்லாமே தடை. விற்றால் முதல் முறையே 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, 1 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

அமெரிக்காவில் நடந்தது

மலிவு சிகரெட்டுக்கு ஆசைப்பட்டு மாட்டிக்கொள்வது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சிகரெட் வரி வேறு. வெளி மாநிலத்துக்கு அனுப்புபவர், வாங்கியவர் பெயரையும் அளவையும் அந்த மாநில வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1949-லேயே சட்டம் போட்டார்கள். இன்டர்நெட் வியாபாரிகள் பலர் அதை மதிக்கவில்லை. வரித்துறையினர் வாங்கியவர்களின் பட்டியலைக் கைப்பற்றி, வரி பாக்கி கேட்டு அவர்கள் வீட்டுக்கே நோட்டீஸ் அனுப்பினார்கள். 2010-ல் தபாலில் சிகரெட் அனுப்புவதையே, சில விலக்குகள் தவிர, தடை செய்துவிட்டார்கள். அங்கேயும் மலிவாக விற்றவன் பணத்தோடு போனான்; நோட்டீஸ் வாங்கியவர் வீட்டுக்கு வந்தது.

பாக்கெட்டைப் பாருங்கள்

நம் நாட்டில் விற்கத் தகுந்த பாக்கெட்டின் இரு பக்கமும் 85 சதவீத அளவுக்கு எச்சரிக்கைப் படம் இருக்கும். 2016 ஏப்ரல் 1 முதல் இதுதான் அளவு. புகையை நிறுத்த உதவும் 1800-11-2356 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கும். அதிகபட்ச சில்லறை விலை, இறக்குமதியாளர் பெயர், முகவரி இருக்கும். இவை இல்லாத பாக்கெட் கடைப்படி ஏறக்கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் தம் சாமானுடன் வரியில்லாமல் கொண்டுவரும் சலுகை சிகரெட்டும் அவர் உபயோகத்துக்குத்தான். நம் கடையில் விற்பதற்கல்ல.

நமக்கும் ஆதங்கம் உண்டு. வரி ஏற ஏறத்தான் கடத்தலுக்கு லாபம் கூடுகிறது. கன்டெய்னரில் கொண்டுவருபவனை விட்டுவிட்டு, பத்து பாக்கெட் வைத்திருக்கும் பெட்டிக்கடையில் வந்து நின்றால் எப்படி? துறைமுகத்திலேயே பிடியுங்கள் என்று சங்கம் உரக்கக் கேட்க வேண்டும். கேட்கும் நம் கை சுத்தமாக இருந்தால்தான் அந்தக் குரல் எடுபடும்.

அந்த நண்பர் வழக்குக்காக அலைந்துகொண்டிருக்கிறார். போன வாரம் மறுபடியும் நம் கடைக்கு வந்து பருப்பும் சர்க்கரையும் எடுத்தார். கிளம்பும்போது, "பில்லை மறக்காம போடுங்க அண்ணாச்சி" என்றார்.

அந்தப் பில்தான் நம் கடைக்குக் காவல்.