உறக்கந்தராத ஒவ்வாமை மருந்தும் இதயமும்

ஒவ்வாமையின்போது உடற்கலங்கள் வெளியிடும் ஹிஸ்டமீன், எச்1 வாங்கிகளைத் தூண்டித் தும்மலையும் தோலரிப்பையும் விளைவிக்கின்றது. குளோபெனிரமீன் போன்ற பழைய மருந்துகள் இவ்வாங்கிகளைத் தடுப்பினும், மூளையினுள்ளும் புகுந்து, விழிப்பைப் பேணும் ஹிஸ்டமீனின் செயலையும் முடக்குகின்றன; உறக்கம் அதன் விளைவே.

1985 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த தேர்பெனடீன் இக்குறையை நீக்கியது. உட்கொண்ட தேர்பெனடீனிற் பெரும்பகுதியை ஈரல் நொதியமொன்று பெக்சோபெனடீனாக மாற்றிவிடும். ஒவ்வாமையைத் தணித்தது உண்மையில் இவ்விளைபொருளே. எரித்திரோமைசினோ கீற்றோகொனசோலோ உடன் உட்கொள்ளப்படின் அந்நொதியம் தடைப்படும். அவ்வேளை மாற்றமுறாத தேர்பெனடீன் குருதியிற் பெருகி, இதயத்தசையின் பொற்றாசியக் கால்வாய்களை அடைத்து, உயிர்கொல்லும் துடிப்புக் குழப்பத்தை ஏற்படுத்தியது. தும்மலுக்கு மருந்துண்டோர் சிலர் இவ்வாறு இறந்தனர்.

1992 இல் அதன் உறைத்தாளிற் கடும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. எனினும், 1996 இல் பெக்சோபெனடீன் அனுமதி பெற்ற பின்னரே, 1998 இல், பழையது அங்குச் சந்தையிலிருந்து அகன்றது. இக்காலத்தாழ்வில் வணிகத்தின் பங்கு யாதென்பது கேட்கப்படவேண்டிய வினாவாகும்.

பெக்சோபெனடீன் இக்கால்வாய்களை அவ்வாறு அடைப்பதில்லை. மூளைக்குருதித் தடையிலுள்ள கடத்துபுரதம் அதனை வெளியே தள்ளிவிடுவதால் உறக்கமும் அரிது. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 120 அல்லது 180 மி.கி. போதுமானது, சிறுநீரக நோயாளர்க்கு அளவு குறைக்கப்படல் வேண்டும். தோடம்பழச்சாறு அதன் அகத்துறிஞ்சலைக் குறைக்குமாதலால் நீருடனேயே உட்கொள்க.