பழைய ரிவோல்வர் விளையாட்டுச் சாமான் அல்ல

போரைப் பார்த்த நமக்குத் துவக்கு என்றால் ரி-56தான் கண்முன் வரும். ஆறு தோட்டா போடும் ரிவோல்வர் நூதனசாலைப் பொருளாகவே தோன்றும். வெள்ளைக்காரத் துரைமார் காலத்துக் கைத்துப்பாக்கி இன்றைய பிஸ்டலுக்கு முன் நிற்குமா? விடை பலரும் நினைப்பதுபோல் இல்லை.

மலையகத்தில் அந்தக் காலம் ஆயுதம் இல்லாத காலம் அல்ல. தோட்டத் துரைமாரைக் கொண்டே 1900இல் சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர் என்ற தொண்டர் படை அமைக்கப்பட்டது. கண்டியைத் தளமாகக் கொண்ட அது 1949 வரை இருந்தது. பிரித்தானிய அதிகாரிகள் அன்று இடுப்பில் கட்டியது வெப்ளி ரிவோல்வர். 1887இல் படைக்கு எடுக்கப்பட்ட இந்த வகை, வெவ்வேறு மாதிரிகளாக 1963 வரை பிரித்தானியப் படையின் சேவையில் இருந்தது.

இன்றைய பிஸ்டலின் மூலமும் புதியதல்ல. அமெரிக்கரான ஜோன் பிரவுனிங் வடிவமைத்த பிஸ்டல் 1911இல் அமெரிக்கப் படைக்கு வந்தது. சுட்டதும் குழல் சற்றே சரிந்து பூட்டு விடுபடும் அவரது முறையைத்தான், சிறிது மாற்றத்துடன், 1982இல் ஒஸ்திரியாவில் உருவான குளொக் 17 உட்படப் பெரும்பாலான பிஸ்டல்கள் இன்றும் பின்பற்றுகின்றன. அவற்றில் போடும் 9 மில்லிமீற்றர் தோட்டா 1902ஆம் ஆண்டுக்குரியது.

அப்படியானால் புதியது எதில் முந்துகிறது? வெப்ளியில் 6 தோட்டா, குளொக்கில் 17. பழையது முழு இரும்பு. புதியதன் உடல் பிளாஸ்டிக் வகை என்பதால் பாரம் குறைவு. மறுபடி தோட்டா நிரப்புவதும் வேகம். கீழே விழுந்தால் தானாக வெடிப்பதைத் தடுக்கும் பூட்டுகள் புதியதன் உள்ளே உண்டு. பழைய ரிவோல்வர்கள் பலவற்றில் அவை இல்லை.

ஆனால் குழலின் முன்னால் நிற்பவருக்கு இந்த வித்தியாசங்களால் பயன் இல்லை. பழைய .455 வெப்ளியின் குண்டு சுமார் 17 கிராம் எடை. மெதுவாக, செக்கனுக்கு 190 மீற்றர் அளவில் வரும். 9 மில்லிமீற்றர் குண்டு அதில் பாதி எடைகூட இல்லை. வேகம் ஏறக்குறைய இரு மடங்கு. கணக்குப் பார்த்தால் புதியதன் வலு கூடத்தான். இருந்தும் ஓர் உயிரை எடுக்க இரண்டுமே போதும்.

பழைய வடிவம் சாகவில்லை என்பதற்குப் பக்கத்து நாடே சாட்சி. இந்தியாவின் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014இல் பெண்களுக்கென்று வெளியிட்ட 'நிர்பீக்' ரிவோல்வர், வெப்ளி வழியில் வந்த 6 தோட்டா ஆயுதம். நம் நாட்டிலோ அதைவிடப் பழைய நுட்பமும் உயிரோடு இருக்கிறது. 1980களின் இறுதியில் ஜே.வி.பி. கிளர்ச்சியில் பேர்போன கல்கட்டாஸ், பட்டறையில் செய்யும் துப்பாக்கி. பன்றிக்கு வைக்கும் கட்டுத்துவக்கு இன்னும் மனிதர்களையும் பலிவாங்குகிறது.

1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணிகளை வெளியாருக்குப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்தபோது சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் பலியானார். இரண்டுக்கும் நடுவே 37 வருடங்கள். ஆயுதங்கள் மாறின, குழலின் எந்தப் பக்கத்தில் தொழிலாளி நின்றார் என்பது மாறவில்லை. மலையகம் நினைவில் வைத்திருப்பது இந்தப் பெயர்களை. துப்பாக்கியின் ரகத்தை அல்ல.

ஆகவே, பழைய பங்களாவிலோ, கானிலோ, தேயிலை மலையிலோ துருப்பிடித்த கைத்துப்பாக்கி ஒன்று அகப்பட்டால் அதை எடுக்க வேண்டாம். பிள்ளைகளை விலக்குங்கள். உள்ளே தோட்டா இருக்கலாம். உலர்ந்த இடத்தில் கிடந்த தோட்டா பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் வெடிக்கும்.

வீட்டுக்குக் கொண்டுபோய் வைப்பது இன்னும் ஆபத்து. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 'பழசுதானே' என்பது அனுமதிப்பத்திரம் ஆகாது. வெறும் சந்தேகத்தின் பேரில் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் வருடக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த மலையக இளைஞர்களை நாம் அறிவோம். லயத்துக் கூரையில் ஒரு துப்பாக்கி அகப்பட்டால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டு மூன்று பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, இடத்தை அடையாளம் செய்து, கிராம உத்தியோகத்தருக்கோ 119 இலக்கத்தில் பொலிஸுக்கோ அறிவியுங்கள். நூறு வருடப் பழையதானாலும் துவக்கு துவக்குத்தான்.