“70 விழுக்காடு வெற்றி” என்றால் எதில் வெற்றி?

“எங்கள் வெற்றி விகிதம் 70 விழுக்காடு.” கருத்தரிப்பு மைய விளம்பரங்களில் இப்படி ஒரு வரியை அடிக்கடி பார்க்கலாம். திருமணமாகி ஆறேழு ஆண்டுகள் ஆகியும், கல்யாண வீடு, திருவிழா என்று போகுமிடமெல்லாம் “இன்னும் விசேஷம் இல்லையா?” என்ற கேள்வியைச் சந்திக்கும் தம்பதியருக்கு, பத்துப் பேரில் ஏழு பேர் குழந்தையோடு வீடு திரும்புகிறார்கள் என்றே அது கேட்கும். பெரும்பாலும் அதன் பொருள் அதுவல்ல.

ஐவிஎஃப் சிகிச்சையில் ஊசி மருந்தால் சினைமுட்டைகளை வளர்த்து, வெளியே எடுத்து, ஆய்வகத்தில் விந்தணுவோடு சேர்த்து, உருவான கருவைக் கருப்பைக்குள் வைக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சிலருக்குப் பலன் கிடைக்காமல் போகும்.

ஒரு கணக்குக்காக, 100 பெண்கள் ஊசி போடத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். 60 பேருக்குத்தான் கரு வைக்க முடிகிறது. அவர்களில் 42 பேருக்கு இரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் எனத் தெரிகிறது. சிலருக்குக் கரு கலைந்து, கடைசியில் 28 பேர் குழந்தை பெறுகிறார்கள். கரு வைத்த 60 பேரில் 42 என்றால் 70 விழுக்காடு. தொடங்கிய 100 பேரில் குழந்தை பெற்றவர்கள் 28 விழுக்காடு. இரண்டுமே பொய்யில்லை. ஆனால், சேமிப்பைக் கரைக்கப் போகிறவர்களுக்குத் தேவைப்படுவது இரண்டாவது எண்தான்.

அடுத்தது பெண்ணின் வயது. பிரிட்டனின் கண்காணிப்பு அமைப்பு வெளியிட்ட 2022ஆம் ஆண்டுக் கணக்கில், சொந்த முட்டையில் உருவாகி வைக்கப்பட்ட ஒவ்வொரு கருவுக்கும் குழந்தை பிறந்த விகிதம், 35 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சுமார் 35 விழுக்காடு. 43, 44 வயதில் அது சுமார் 5 விழுக்காடு. ஆகவே “உங்கள் மையத்தில் என் வயதுப் பெண்களில் எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் குழந்தை பெற்றார்கள்?” என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் யோசிக்க வேண்டியதுதான்.

ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு 35 வயதாகிவிட்டால் ஆறு மாதமே போதும். கணவரும் கூடவே போக வேண்டும். குறை ஆணிடம் இருப்பதும் சாதாரணம். விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. அப்படியிருந்தும் மருமகளைக் கோயில் கோயிலாக அனுப்பிவிட்டு, மகனை ஒருமுறைகூட பரிசோதனைக்கு அனுப்பாத குடும்பங்கள் நம்மிடையே இன்னும் உண்டு.

தனியார் மையங்களில் ஒரு முறை ஐவிஎஃப் செய்ய பெரும்பாலும் 15,000 வெள்ளிக்கு மேல் ஆகிறது. அதற்காகக் கடன் வாங்குவதற்கு முன், பக்கத்திலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பாருங்கள். கோலாலம்பூர் துங்கு அசிசா மருத்துவமனை, அலோர்ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனை ஆகியவற்றில் இச்சிகிச்சை உண்டு. எல்பிபிகேஎன் எனப்படும் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமும் கருத்தரிப்பு கிளினிக் நடத்துகிறது. காத்திருக்க நேரலாம் என்பதால் வயதைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே பதிந்துகொள்வது நல்லது.

இபிஎஃப் சேமிப்பிலிருந்து இச்சிகிச்சைக்குப் பணம் எடுக்க 2020 முதல் அனுமதி உண்டு. வருமான வரி கட்டும் தம்பதியர், தீவிர நோய்ச் செலவுகளோடு சேர்த்து ஆண்டுக்கு 10,000 வெள்ளி வரை வரிக்கழிவு கோரலாம். ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.