டேங்க் அடியில் தேங்கும் சான்று: மினி டிராக்டரின் எரிபொருள் கோளாறும் உழவர் உரிமையும்

காங்கேயம் வட்டாரத்துத் தென்னந்தோப்புகளில் பெரிய டிராக்டர் நுழைய முடியாத வரிசைகளுக்கிடையே உழவும் ரோட்டவேட்டரும் ஓட்டப் பயன்படும் மினி டிராக்டர், திருப்பூரின் பனியன் கம்பெனிகள் சுற்றுக் கிராமங்களின் ஆள்பலத்தை ஈர்த்துக்கொண்ட பிறகு, சிறு உழவருக்கு ஏறக்குறைய இன்றியமையாத கருவியாகிவிட்டது. அது பாதி உழவில் நின்றுபோகும்போது கோளாறு பல நேரங்களில் எஞ்சினுக்குள் இருப்பதில்லை. டேங்கிலிருந்து எஞ்சின் வரை டீசல் செல்லும் பாதையில் இருக்கிறது. பொறுப்பு யாருடையது என்ற கேள்வி எழுந்தால், பங்க் வண்டியைக் குறைசொல்லும், வண்டி விற்றவர் டீசலைக் குறைசொல்வார். இவ்விருவருக்கும் நடுவே நிற்கும் உழவர் முதல் அரைமணி நேரத்தில் என்ன செய்கிறார் என்பதே அவருக்குப் பின்னர் கிடைக்கும் தீர்வைப் பெரிதும் முடிவுசெய்கிறது.

டேங்கிலிருந்து வரும் டீசல் ஃபில்டரில் வடிகட்டப்பட்டு, மெக்கானிக்குகள் எஃப்.ஐ. பம்ப் என்றழைக்கும் உயரழுத்தப் பம்பை அடைந்து, அங்கிருந்து நாசில் வழியாக நுண்துளிகளாக எஞ்சினுக்குள் பீச்சப்படுகிறது. அந்தப் பம்புக்குள் ஏறி இறங்கும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்களே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குத் தனியாக மசகெண்ணெய் விடப்படுவதில்லை, ஓடும் டீசலே அதை வழவழப்பாக வைத்திருக்கிறது. ஆகவே டீசலில் கலந்த நீரோ தூசியோ மண்ணெண்ணெயோ முதலில் அரித்துத் தேய்ப்பது இந்தப் பம்பைத்தான்.

கோளாறின் அறிகுறிகளைப் பிரித்தறிவது வீண்செலவைத் தவிர்க்கும். வெறுமனே ஓடும்போது சீராக இருந்து, கலப்பை மண்ணில் இறங்கியதும் இழுவை குறைந்தால் ஃபில்டர் அடைத்திருக்கலாம். சிறிது நேரம் நன்றாக ஓடி நின்றுவிடும் வண்டியில் டேங்க் மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டு, அதன்பின் வண்டி கிளம்பினால், மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது என்று பொருள். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடி மாதத்தில் வீசும் காற்று புழுதியைக் கிளப்பும் இப்பகுதியில் இத்துளையை அடிக்கடி துடைப்பது தேவையானது. கிளம்பி உடனே அணைவதும் சத்தம் ஏறி இறங்குவதும் ஏர் லாக்கின் அடையாளம். டேங்க் வற்றும்வரை ஓட்டுவதாலோ வெடித்த ரப்பர் குழாய் வழியாகவோ பாதைக்குள் காற்று புகுந்து டீசலைத் தடுக்கும் நிலையே ஏர் லாக். ஃபில்டர் தலையிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழியில்லாத டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்து ஏர் எடுத்தால் அது சரியாகும், இதற்காக எஃப்.ஐ. பம்பின் முத்திரையை உடைக்க வேண்டியதில்லை, உடைத்தால் வாரண்டி கேள்விக்குள்ளாகும்.

நாசில் பக்கத்துக் கசிவை மட்டும் ஒருபோதும் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. அங்கு நூறு பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில், அதாவது காற்றுமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேலாக, வெளிப்படும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே பரவும். மேலே ஊசி குத்தியதுபோன்ற ஒரு புள்ளி தெரிந்து, வலியும் தொடக்கத்தில் குறைவாக இருந்தாலும், அறுவை மருத்துவரிடம் சில மணி நேரத்துக்குள் செல்லாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம்.

நீர் கலப்பு எப்போதும் பங்கிலிருந்தே வருவதில்லை. பாதி நிரம்பிய டேங்கில் இரவுக் குளிர்ச்சியால் காற்றின் ஈரம் நீராகப் படியும், அந்த நீருக்கும் டீசலுக்கும் இடையே நுண்ணுயிர்கள் வளர்ந்து கரிய வழவழப்பை உண்டாக்கும். வேலை முடிந்த மாலையில் டேங்கை நிரப்பி வைப்பதும், நீர்பிரிப்பானை வடித்துவிடுவதும் இதைக் குறைக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் விற்கப்படும் பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6) டீசலில், ஐ.எஸ். 1460 என்ற இந்தியத் தரத்தின்படி, ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் நீர் இருக்கக் கூடாது. எனவே புதிதாக நிரப்பிய உடனேயே ஃபில்டரில் கண்ணுக்குத் தெரியும் அளவு நீர் நின்றால், அது விசாரிக்கப்பட வேண்டிய செய்தி. உரிமமின்றி ‘பயோ டீசல்’ என்ற பெயரில் மலிவாக விற்கப்படும் திரவத்தை வாங்குபவருக்கோ, பில்லும் இல்லாமல் வாரண்டியும் போய், கேட்க ஆளில்லாத நிலையே மிஞ்சும்.

பங்கில் டீசலின் அடர்த்தியை அளந்து காட்டுமாறு கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. 15 டிகிரி வெப்பநிலைக்குக் கணக்கிட்ட அந்த அளவு, லாரியில் வந்த சுமையின் ஆவணத்திலுள்ள அளவிலிருந்து கனமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் மாறக் கூடாது. 5 லிட்டர் அளவுக்கலத்தில் ஊற்றிக் காட்டுமாறும் கேட்கலாம். அளவுக் குறைவைத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு விசாரிக்கிறது. கலப்படம் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வெளியிடப்பட்ட 2005ஆம் ஆண்டு ஆணைப்படி குற்றமாகும்.

இவ்வளவு உரிமைகளும் பயனற்றுப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: வேலை கெட்டுவிடும் என்ற பதற்றத்தில் டேங்கைக் கழுவி, பழைய ஃபில்டரை வீசி, வழக்கின் ஒரே சான்றை உழவரே அழித்துவிடுகிறார். மாறாக, டேங்க் அடியிலிருந்து இரண்டு சுத்தமான கண்ணாடிப் பாட்டில்களில் டீசல் பிடித்து, நாளும் நேரமும் எழுதி, சாட்சிகளின் கையெழுத்துடன் முத்திரையிட்டு, ஃபில்டரையும் பில்லையும் உடன் வைக்க வேண்டும். எதிர்த்தரப்பு இல்லாமல் எடுத்த மாதிரியை அத்தரப்பு மறுக்கும் என்பதால், பங்கிலிருந்தோ சர்வீஸ் நிலையத்திலிருந்தோ ஒருவரை அழைத்து அவர் முன்னிலையில் எடுப்பது மேலானது. ‘ஃபில்டரில் நீர் இருந்தது’ என்பதை சர்வீஸ் நிலையத்தின் ஜாப் கார்டில் எழுதச் சொல்வதும், வாரண்டி மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்பதும் அதேயளவு முக்கியம்; ஏனெனில் குறையை மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலில் புகார்தாரருடையது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் வாங்கியவரை நுகர்வோராகக் கொள்வதில்லை; ஆனால் சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியவரை அந்த விலக்கிலிருந்து காக்கிறது. ஓரிருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வதால் அந்தப் பாதுகாப்பு போய்விடாது என்று 1995இலும், விதை வாங்கிய உழவர் நுகர்வோரே என்று 2012இலும் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமை குறித்து மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் அமைத்த குழுவும் வேளாண் கருவிகளை முதன்மைத் துறைகளுள் ஒன்றாக எடுத்துக்கொண்டது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தீராத புகாரை, விற்பனையாளர் எங்கிருந்தாலும், உழவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் பதிவு செய்யலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. ஆய்வின்றி முடிவு காண முடியாத வழக்கில் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அத்தகைய வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். அதற்குள் உழவின் ஒரு பருவமே கடந்துவிடும் என்பதால், அந்த நாட்களில் வேளாண்மைப் பொறியியல் துறையிடமோ பிறரிடமோ வாடகைக்கு எடுத்த டிராக்டரின் ரசீதுகளையும் இழப்பீட்டுக் கணக்கில் சேர்த்துக் கேட்க வேண்டும்.