கண் ஒரு நாட்டில், கை ஒரு நாட்டில்!

(“நாட்டைக் காப்பது ஆயுத பலமே! நல்லுறவே!” பட்டிமன்றத்தில் ‘நல்லுறவே’ அணியில் பேசியது)



எதிரணித் தம்பி ஆவேசமாக் கேட்டார். “ஏவுகணை வந்தா நல்லுறவா தடுக்கும்? கருவிதானய்யா தடுக்கும்!” நீங்களும் கை தட்டினீங்க. சரி தம்பி, அந்தக் கருவி எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போமா?

ஐரோப்பாவை எடுத்துக்குங்க. 2010-ல் லிஸ்பன் நகரில் நேட்டோ நாடுகள் கூடின. ஐரோப்பாவிலுள்ள உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் ஏவுகணைத் தடுப்பு வேண்டும் என்று முடிவெடுத்தன. பெரும்பாலும் அமெரிக்கா கொடுத்த கருவிகள்தான். ஆனா அவை எங்கெங்கே இருக்கு? ரேடார், துருக்கியில் குரேசிக் என்ற ஊரில். கட்டளை மையம், ஜெர்மனியில் ராம்ஸ்டைனில். போர்க்கப்பல்கள், ஸ்பெயினில் ரோட்டா துறைமுகத்தில். எதிர் ஏவுகணைத் தளம் ஒன்று ருமேனியாவில், 2016-ல் இயங்கத் தொடங்கியது. இன்னொன்று போலந்தில், 2024-ல் திறந்தாங்க.

கண் ஒரு நாட்டில், மூளை ஒரு நாட்டில், கை வேறு நாட்டில்! (சிரிப்பு)

கிரிக்கெட் பார்க்கிறீங்களே. பந்து உயரப் போகுது. ரெண்டு பேர் ஓடி வர்றாங்க. இவன் பிடிப்பான்னு அவன் நிக்கிறான், அவன் பிடிப்பான்னு இவன் நிக்கிறான். பந்து நடுவுல ‘பொத்’துன்னு விழுது! (சிரிப்பு) ரெண்டு பேருக்கும் கை இல்லையா? இருக்கு. “என்னுது”ன்னு ஒரு குரல்தான் இல்லை. ஏவுகணை வரும்போது கிடைப்பது சில நிமிஷம். “யார் சுடறது?”ன்னு அப்போ மாநாடு கூட்ட முடியுமா? யார் பார்ப்பது, யார் உத்தரவிடுவது, யார் சுடுவது, எல்லாம் முன்கூட்டியே பேசி முடிச்சிருக்கணும். துருக்கியிலிருந்து வரும் தகவலை ருமேனியாவில் இருப்பவர் நம்பணும். அந்த நம்பிக்கையை எந்தக் கடையில் வாங்குவீங்க தம்பி? (கைதட்டல்)

நம்பிக்கை இல்லாட்டி என்ன ஆகும்? 1995 ஜனவரி 25. துருவ ஒளியை ஆராய நார்வேயிலிருந்து ஓர் அறிவியல் ராக்கெட் கிளம்புது. ரஷ்யாவுக்கு முன்னாடியே தகவல் கொடுத்தாச்சு. ஆனா அந்தத் தகவல் ரேடார் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் போய்ச் சேரலை! அவங்க கண்ணுக்கு அது அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலின் ஏவுகணை மாதிரி தெரிஞ்சது. அதிபர் எல்த்சினின் அணு ஆயுதப் பெட்டியே உயிர்பெற்றது. நல்லவேளை, ராக்கெட் ரஷ்யாவை விட்டு விலகிப் போகிறது என்று சில நிமிஷத்தில் தெரிந்தது. ரேடார் ஒழுங்காகத்தான் பார்த்தது ஐயா. ஒரு கடிதம் போய்ச் சேராததால் உலகமே நடுங்கியிருக்கும்!

இந்தப் பயத்தைப் போக்க, ஏவுகணைத் தகவலை இரு நாடும் பகிர மாஸ்கோவில் ஒரு மையம் அமைக்க, 2000-ல் கிளிண்டனும் புதினும் ஒப்பந்தம் போட்டாங்க. அந்த மையம் திறக்கவே இல்லை. லிஸ்பனிலும் ரஷ்யாவைக் கூப்பிட்டாங்க. “உங்க கவசம் எங்களுக்கு எதிரா இல்லைன்னு சட்டப்படி எழுதிக் கொடுங்க” என்றது ரஷ்யா. நேட்டோ எழுதித் தரலை. 2014-ல் கிரைமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டதும், இருந்த ஒத்துழைப்பும் நின்னுது. 2022-ல் உக்ரைன் மீது முழுப் போரே மூண்டது.

உடனே எதிரணி கேட்கும்: “அப்போ நல்லுறவு தோத்துப்போச்சா?” அதே 2022 அக்டோபரில் ஜெர்மனி முன்வர, 15 நாடுகள் சேர்ந்து வான் பாதுகாப்புக் கருவிகளைக் கூட்டாக வாங்க முடிவு செய்தன. நடுநிலை நாடுகளான ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் கூடப் பின்னர் சேர்ந்தன. பிரான்ஸ் சேரலை. ஐரோப்பாவிலேயே செய்த கருவியை வாங்குங்க என்றது. நட்புக்குள்ளேயும் மனத்தாங்கல் உண்டு, பேசித்தான் தீர்க்கணும்.

பூட்டு வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா பக்கத்து வீட்டுக்காரன் சாவி ஒண்ணும், நம்ம சாவி ஒண்ணும் சேர்ந்தாத்தான் திறக்கும், மூடும் என்றால், முதலில் வேண்டியது பக்கத்து வீட்டோட பேச்சுவார்த்தை! ஆகவே நடுவர் அவர்களே, நாட்டைக் காப்பது நல்லுறவே என்று தீர்ப்பு வழங்கக் கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)