‘பிக்கர்’ல ஏன் ரெண்டு ஜி? கல்லணையில இருக்கு பதில்

தேனி அல்லிநகரத்துல இருந்து இன்னொரு எபிசோட். இன்னைக்கு டாபிக் சின்னது, ஆனா ஆபீஸ் மெயில் அடிக்கும்போது நிறைய பேர் தடுமாறுற இடம். இங்கிலீஷ்ல ஒண்ணை இன்னொண்ணோட ஒப்பிட ‘இ-ஆர்’ சேர்க்கிறோம். அப்போ கடைசி எழுத்து எங்க இரட்டிக்கும், எங்க இரட்டிக்காது?

தமிழ் மீடியம்ல படிச்சவங்களுக்கு இதுல பாதி ஏற்கெனவே தெரியும். கல் + அணை = கல்லணை. ‘ல்’ ஏன் இரட்டிச்சது? முன்னாடி தனியா ஒரு குறில், அடுத்து ஒரு மெய், பின்னாடி வர்றது உயிர். 13ஆம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் நன்னூல்ல சொன்ன விதி இது. தேன் + ஈ? தேனீ. ‘தே’ நெடில், அதனால இரட்டிக்கலை. பகல் + உணவு? பகலுணவு. குறில் தனியா இல்லை, அங்கயும் இரட்டிக்கலை.

இப்போ ‘பிக்’ எடுங்க: பி-ஐ-ஜி. ஒரே ஒரு உயிரெழுத்து, ஒரே ஒரு மெய். வர்றது ‘இ’, அதுவும் உயிர். அதனால ரெண்டு ஜி. ‘ஹாட்’, ‘தின்’ எல்லாம் இதே மாதிரிதான். ‘கூல்’, ‘க்ளீன்’ல ரெண்டு உயிரெழுத்து இருக்கு, நம்ம தேனீ மாதிரி, இரட்டிக்காது. ‘ஃபாஸ்ட்’ல கடைசியில ஏற்கெனவே ரெண்டு மெய்; இரட்டிக்காது. ‘க்ளெவர்’ பகலுணவு கேஸ். கடைசி ஆர் இரட்டிக்காது.

இன்னும் ரெண்டு விஷயம். ‘நைஸ்’, ‘லார்ஜ்’ மாதிரி ஏற்கெனவே ‘இ’ல முடிஞ்சா, ‘ஆர்’ மட்டும் போதும். ‘ஹேப்பி’, ‘ஈஸி’ மாதிரி மெய்க்கு அப்புறம் ‘ஒய்’ வந்தா, அது ‘ஐ’யா மாறும்.

ஒரு வித்தியாசம் இருக்கு. கல்லணையில அந்த ரெண்டு ‘ல்’லும் காதுல கேட்கும். இங்கிலீஷ்ல கேட்காது. அங்க இரட்டை எழுத்தோட வேலை, முன்னாடி இருக்கிற உயிர் குறில்னு காட்டுறது. அதனாலதான் ஒரு ‘டி’ கூடினா அர்த்தமே மாறிடும். ஒரு ‘டி’ போட்டா ‘லேட்டர்’, அதாவது அப்புறம். ரெண்டு ‘டி’ போட்டா ‘லாட்டர்’, அதாவது ரெண்டுல பின்னாடி சொன்னது. ரெண்டும் சரியான வார்த்தைங்கிறதால ஸ்பெல் செக் சிவப்புக் கோடு போடாமலே விட்டுடலாம். கிளையண்டுக்கு ‘அப்புறம் அனுப்புறேன்’னு மெயில் போடுறதுக்கு முன்னாடி, அந்த ‘டி’யை மட்டும் ஒருதடவை எண்ணிப் பாருங்க.